காய்ச்சல் குடியிருந்த இடம்

கன்னியப்பனின் மனைவி கெங்கம்மாளுக்கு இரண்டு வாரமாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. டைபாய்டு என்று சொல்லி ஆஸ்பத்திரியில் குளோரம்பெனிகால் கொடுத்துப் பார்த்தார்கள். எத்தனையோ பேரை எழுப்பி உட்காரவைத்த மருந்து அது. அவளிடம் மட்டும் பலிக்கவில்லை. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வேறு இரண்டு பேரும் அதே ஆஸ்பத்திரியில் அவளைப் போலவே அனத்திக்கொண்டு கிடந்தார்கள்.

அது 1974-ஆம் வருஷத்துக் கோடை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கன்னியப்பனுக்கு ஒரு டீக்கடை. கடையைச் சாத்திவிட்டு மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் டாக்டர் சாமுண்டீஸ்வரி வந்தார். பட்டணத்து ஆய்வுக்கூடத்தில் காய்ச்சல் கிருமிகளை ஆராய்கிறவர். நரை ஓடிய கொண்டை, ரப்பர் செருப்பு. முந்தைய வாரம் கெங்கம்மாளின் ரத்தத்தை எடுத்துப் போனவர் அவர்தான்.

பையிலிருந்து மூடிபோட்ட கண்ணாடித் தட்டு ஒன்றை எடுத்து, வார்டு டாக்டருக்கு வெளிச்சத்தில் காட்டினார். கன்னியப்பனும் எட்டிப் பார்த்தான். தட்டு முழுக்கப் பாலேடு படிந்த மாதிரி கிருமி. அதன்மேல் மருந்தில் நனைத்த சின்னச் சின்னக் காகித வில்லைகள்.

"இது நீங்க கொடுக்கிற மருந்து. வில்லையோட ஓரம் வரைக்கும் கிருமி வளர்ந்திருக்கு, பாருங்க. இது ஆம்பிசிலின். கிருமி கிட்டவே நெருங்கல."

வார்டு டாக்டர் தயங்கினார். "இத்தனை வருஷமா கேட்ட மருந்தாச்சே, மேடம்."

"இந்தக் கிருமி கேக்கலையே, டாக்டர்."

அன்றைக்கே மருந்து மாறியது. அந்த வாரக் கடைசியில் கெங்கம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். கன்னியப்பன் சாமுண்டீஸ்வரியின் காலில் விழப் போனான். அவர் சட்டென்று விலகினார்.

"கும்பிடுறதெல்லாம் அப்புறம்பா. மூணு பேருக்கும் ஒரே கிருமி. அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும்."

வெயிலில் அலைந்து குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், பால் என்று எல்லாவற்றையும் சீசாவில் பிடித்துப் போனார். எதிலும் ஒன்றும் அகப்படவில்லை. மூன்று பேரும் குடித்தது கன்னியப்பன் போட்ட டீ என்பதால், கடைசியில் அவனிடமே வந்து மலப் பரிசோதனைக்குச் சீசாவை நீட்டினார்.

"எனக்கு இன்னா டாக்டரம்மா கீது? கல்லு மாதிரி கீறேன்!"

"முன்னாடி எப்பவாவது காய்ச்சல்ல படுத்தியா?"

"போன வருசம் படுத்துகினு கெடந்தேன். தானா போயிடுச்சு."

அது போகவில்லை. முடிவு தெரிந்ததும் சாமுண்டீஸ்வரி திருமுல்லைவாயிலில் இருந்த அவன் வீட்டுக்கே வந்தார். கிருமி அவனுடைய பித்தப்பையில் தங்கியிருக்கிறது, அவனை ஒன்றும் செய்யாது, ஆனால் அவன் கைவழியாக டீ கிளாஸுக்குப் போகிறது என்று பக்குவமாகச் சொன்னார்.

கன்னியப்பன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். "அப்ப கெங்காவுக்கு... நாந்தானா?"

"அது உள்ள கீதுன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?" பக்கத்து ஊரான அயனம்பாக்கத்தில் பிறந்தவர், மனசு இளகினால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். "தெரிஞ்சப்புறம் கடை தொறந்தாதான் தப்பு. உன் பேரை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மருந்தை மட்டும் விடாம சாப்பிடு."

அவர் சொல்லவில்லை. கன்னியப்பனே சொன்னான். தொழிற்பேட்டையில் ஷிப்டு விடும் நேரத்தில் போய் நின்று, தன் கடையில் டீ குடித்த எல்லோரிடமும் சொன்னான். ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்த இரண்டு பேரில் ஒருவனான துலுக்கானம் அவன் சட்டையைப் பிடித்தான்.

"உன்னாலயாடா நான் சாவக் கெடந்தேன்?"

"ஆமா அண்ணாத்தே. நீயும் போய் டெஸ்டு எடுத்துக்க. உனக்குள்ளயும் இருந்துதுன்னா உன் புள்ளைங்களுக்கு வந்துடும்."

துலுக்கானத்தின் பிடி தளர்ந்தது. அதுவரை சீசாவைக் கண்டாலே வெட்கப்பட்டு நழுவியவர்கள், மறுநாள் சாமுண்டீஸ்வரியின் ஜீப்புக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாகத் துலுக்கானம். சாமுண்டீஸ்வரி கன்னியப்பனிடம் வந்தார். "நான் பண்ண முடியாத வேலைப்பா இது" என்றார்.

கன்னியப்பனின் வைத்தியம் லேசில் முடியவில்லை. ஒருமுறை போய்விட்டது என்று நினைத்த கிருமி மறுபடி தலைகாட்டியது. அவனுக்கு மனசு விட்டுப்போனது, சாமுண்டீஸ்வரி விடவில்லை. மருந்தின் அளவைக் கூட்டினார், வாராவாரம் சோதித்தார். மழைக்காலம் முடியும்போது, மீண்டும் மீண்டும் பார்த்தும் அவனிடம் கிருமி இல்லை என்றானது.

அன்று அவனை ஆய்வுக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அவனிடமிருந்து எடுத்து வளர்த்து வைத்திருந்த கிருமிகள், அரிசிக் குறுநொய் போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடின.

"இத்துனூண்டு கீது. இதுக்கா இம்மாந் திமிரு?"

அவர் சிரித்தார். "இப்போ கேக்கிற மருந்தையும் ஒருநாள் ஏமாத்தக் கத்துக்கும்."

"அப்பால இன்னா பண்ணுவீங்க?"

"வேற தேடுவேன்."

சொல்லிக்கொண்டே ஆவடி நோயாளி ஒருவரின் கிருமி வளர்ந்திருந்த தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன்பிறகு அவன் அங்கே நிற்பதே அவருக்கு நினைவில்லை. வணக்கம் சொல்ல வாயெடுத்த கன்னியப்பன், அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கைகூப்பினான். செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.