மூன்று ட்ரிப், மூன்று சிவப்பு வரி

எல்லோரும் சௌக்கியமா? முட்டி வலிக்காரர்கள், பிரஷர்காரர்கள், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பவர்கள், எல்லோரும் நலம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. டைப் அடிக்க ஒரு விரல்தான் வளைகிறது, அவ்வளவுதான். வாய்க்குப் பத்து விரல் வேகம் உண்டு, அதை விரலால் துரத்திப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

இன்றைக்கு மனு மாமா கதை. அவரைக் கேட்காமல் எழுதவில்லை. "தாராளமா எழுதுங்க. நானே ஊர் பூரா சொல்லிட்டுத்தானே திரியுறேன். ஆனா தேதியெல்லாம் சரியா போடுங்க" என்றார். தேதி எனக்கு எங்கே ஞாபகம் இருக்கிறது? அதைத் தவிர மற்றதைச் சொல்கிறேன்.

மனு மாமா ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவர். துப்பாக்கியைத் தொட்டதைவிட டைப்ரைட்டரைத் தொட்டதுதான் அதிகம். "சண்டையில எனக்குப் பட்ட ஒரே காயம் ஸ்டேப்ளர் பின் குத்தினதுதான்" என்பார். ஓய்வு பெற்று வந்ததும் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, காகிதத்தில் ஓட்டை போடும் மெஷின் ஒன்று, கலர் கலராக ஃபைல்கள் என்று கடை விரித்துவிட்டார். பழைய சிப்பாய்கள் தேடி வருவார்கள். ஒருவருக்குப் பிறந்த வருஷம் தப்பு. ஒருவருக்கு நடுவில் மூன்று வருஷத்தைக் காணோம். ஒருவர் செத்துப்போனதாகவே பதிவு. அவர் நேரில் போய் நின்றபோதும் "அதுக்கு அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டார்களாம். இப்படி வருகிறவர்களுக்கெல்லாம் மாமா மனு எழுதிக் கொடுப்பார்.

எந்த மனுவாக இருந்தாலும் அதில் ஒரு பத்தி நிச்சயம் இருக்கும். தப்பாக எழுதிய கிளார்க்கை வெளுத்து வாங்கும் பத்தி. அதை எழுதும்போதுதான் மாமாவுக்கு முகமே மலரும். எழுதி முடித்து மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்.

"மனு எழுதுறீங்களா, சாபம் விடுறீங்களா?" என்பார் அந்த அம்மா, கையிலிருந்த வேலையை விடாமல்.

ஒருநாள் காலையில் உயரமாக, கொஞ்சம் கூன் விழுந்த ஒரு மனிதர் வந்தார். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு தாள். அதை மேஜைமேல் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"ஐயா, ஆத்தோரத்து முகாம்ல சண்டை நடந்தப்போ என்னை அங்க நாலு மாசம் அனுப்பியிருந்தாங்க. ஒருநாள் பகல்ல குண்டு மழை. ஆம்புலன்ஸ் நொறுங்கிப்போச்சு. என்கிட்ட இருந்தது ரேஷன் லாரி. மாவு மூட்டைமேலயே அடிபட்டவங்களைப் படுக்க வெச்சு பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூணு ட்ரிப். பதினோரு பேர். அதிகாரி என் தோளைத் தட்டி, உனக்கு மெடலுக்கு எழுதுறேன்னார். அப்புறம் அவர் மாறிப்போயிட்டார். மெடல் வரல. நானும் கேக்கல."

"சரி, இப்ப என்ன?"

"பிள்ளைங்களுக்கு அந்தக் கதைய எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். என் மாப்பிள்ளை நல்லவர். என் எழுபத்தஞ்சாவது பிறந்தநாளுக்கு ஃபிரேம் போட்டுத் தரணும்னு எனக்குத் தெரியாம என் சர்வீஸ் பேப்பருக்கு எழுதிப் போட்டிருக்கார். வந்தது இது."

உறையை நீட்டினார். சுருக்கப் பதிவு, நாலு வரி. 'வாகனத்தை அனுமதியின்றி எடுத்துச் சென்ற குற்றம். எச்சரிக்கை. இதன் காரணமாக விருதுப் பரிந்துரை திருப்பி அனுப்பப்பட்டது.'

"வீட்ல யாரும் ஒரு வார்த்தை சொல்லலங்க" என்றார் டிரைவர். "அதுதான் தாங்க முடியல. சாப்பிடும்போது நான் லாரின்னு ஆரம்பிச்சா, குழம்புல உப்பு கம்மியான்னு பேச்சை மாத்துறாங்க. மெடல் இல்லாட்டி போகுது. நான் இத்தனை வருஷமா கதை விட்டேன்னு நினைச்சுட்டாங்களே."

மாமாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "எந்தக் கழுதைய்யா இதை எழுதினது? உங்க போக்குவரத்துப் பிரிவு கிளார்க்காத்தான் இருப்பான். அவனுங்க டைப்ரைட்டரைக்கூட கியர் போட்டுத்தான் ஓட்டுவானுங்க!"

அப்புறம்தான் 'ஆத்தோரத்து முகாம்' என்றது அவர் மண்டையில் இறங்கியது. "அட, அந்த முகாம்லதான்யா நானும் இருந்தேன்! முன்கண்ணாடி இல்லாம ஒரு லாரி போச்சு, வந்துச்சு. ஆபீஸ் கூடாரத்துல இருந்து என் ரெண்டு கண்ணால பார்த்தேன். அது நீங்களா? அப்ப நானே சாட்சி!"

டிரைவர் எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டே நாளில் நாலு பக்க மனு தயார். அந்தப் பத்தி இந்தத் தடவை அவரது வாழ்நாள் சாதனை. 'தமது சிந்திக்கும் திறனைத் தலைமையகத்தில் ஒப்படைத்துவிட்டுப் பணிக்கு வந்த ஏதோ ஒரு கிளார்க்' என்று தொடங்கி பதினான்கு வரி.

டிரைவர் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு திட்டணுங்களா? பாவம், அவருக்கு என்ன நெருக்கடியோ."

"நீங்க சும்மா இருங்க. இவனுங்களை விட்டா நம்ம தலையில ஏறி உக்காந்துப்பானுங்க."

மனு போயிற்று. இரண்டு மாதம் கழித்து மறுஆய்வுக் குழுவிடமிருந்து கனமான உறை வந்தது. உள்ளே ஒரு கடிதம்: குழு ஒரு முறைதான் விசாரிக்கும், நிராகரித்தால் மறுபடி மனு செய்ய முடியாது, பழைய பதிவை அடிக்க வேண்டுமானால் அதை எழுதியவரோ அன்றைய அதிகாரியோ காரணம் சொல்ல வேண்டும், அதிகாரி காலமாகிவிட்டார், எழுதிய கிளார்க் யார் என்று தெரிந்தால் தெரிவிக்கவும். கூடவே அசல் தாளின் கலர் நகல்.

மாமா அதை ஸ்கேல் வைத்து நீவிப் பரப்பினார். சிவப்பு மையில் மூன்று வரி. '10.40, ட்ரிப் சீட்டு இன்றி வண்டி வெளியேறியது. 11.25, மேற்படி. 12.10, மேற்படி. முன்கண்ணாடி ஒன்று காணவில்லை, விளக்கம் பெறப்படவில்லை.' மூலையில் ஒரு இன்ஷியல். அதற்கு நீளமாக, சுருண்ட ஒரு வால்.

அந்த வால்! இருபத்து மூன்று வயதில், பெரிய அதிகாரிகள் கையெழுத்துக்கெல்லாம் வால் இருக்கிறதே என்று ஒரு மாதம் உட்கார்ந்து பழகிய வால். இன்றைக்கும் பால்காரர் நோட்டில் அதைத்தான் போடுகிறார்.

"என்ன, முகத்துல ஈயாடல?" என்று மனைவி எட்டிப்பார்த்தார்.

"அந்தக் கழுதை கிடைச்சுட்டான்."

"யாராம்?"

"உனக்குத் தெரிஞ்சவன்தான். அம்பது வருஷமா அவனுக்குத்தான் சமைச்சுப் போடுற."

அன்றைக்கு நடந்தது அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. குண்டு விழும்போது மாமா மேஜைக்கு அடியில் இருந்தார். மடியில் வண்டிப் பதிவேடு. சீட்டு இல்லாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கூடார ஓரம்வரை ஊர்ந்து எட்டிப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி குறித்திருக்கிறார். "உலகமே இடியுது, நான் நிமிஷம் எழுதிட்டிருந்தேன். என்னைக் கொண்டுபோய் கண்காட்சியில வெக்கணும்" என்று இப்போது சொல்வார். மூன்றாவது ட்ரிப் முடிந்து, லாரி சுற்று வழியில் சாயங்காலம் திரும்பியதும் சீட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் டிரைவரிடம் கையெழுத்துக் கேட்டார். அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகப் போய் சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்த வருஷத்தில் சிவப்பு மை விழுந்த தாளுக்கு விருது கிடையாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். மேஜைக்கு மேலே ஒட்டியிருந்த விதி அது, ஒட்டியதே அவர்தான்.

இரண்டு நாள் மாமா வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மூன்றாம் நாள், "இன்ஷியல் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு. யாருன்னு தெரியலைன்னு எழுதிடலாமோ?" என்றார்.

"மத்தவன் எழுதினா கழுதை, நீங்க எழுதினா மங்கலா?" என்று கேட்டார் மனைவி. "அந்த மனுஷன் சாப்பாட்டு மேஜையில வாயை மூடிட்டு உக்காந்திருக்கார். செருப்பை மாட்டுங்க."

டிரைவர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. அவர் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள் டீ வைத்துவிட்டுச் சமையலறைக் கதவருகே நின்றார். மாமா நகலை எடுத்து டிரைவரின் கையில் கொடுத்தார்.

"இதை எழுதின கிளார்க் யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். "நான்தான்."

டிரைவர் தாளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

"ஒல்லியா ஒருத்தன் சீட்டுப் புத்தகத்தோட வந்து நின்னான்" என்றார் கடைசியில். "நான் வண்டியோட பின்பக்கத்தைக் கழுவிட்டிருந்தேன். பதினோரு பேர்ல ரெண்டு பேர் வழியிலயே போயிட்டாங்க. அதைத்தான் கழுவிட்டிருந்தேன். நீ வந்து கையெழுத்துப் போடுன்னே."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கே உன்னை நாலு சாத்து சாத்தியிருக்கணும்."

"இப்பவும் சாத்தலாம்யா. பல்லை மட்டும் விட்டுடு. குழு முன்னாடி போய் நான்தான்னு சொல்ல அது வேணும்."

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மறுபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார்.

"பத்து நாப்பது. பதினொண்ணு இருபத்தஞ்சு. பன்னெண்டு பத்து." நிமிர்ந்தார். "மூணு ட்ரிப்பும் எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன். மூணையும் தனித்தனிக் குத்தமா."

"அப்ப நான் மூணு தடவை போனேன்னு எழுத்துல இருக்கு! ஏம்மா, இங்க வா, படி இதை!"

மகள் வந்து படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, உட்கார்ந்து மறுபடி படித்தார். அப்பாவின் எண்ணெய்க் கையை அப்படியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

முப்பது நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் மனு எழுதிய மூளைக்கு இது எட்டவே இல்லை பாருங்கள். அந்த மூன்று ட்ரிப்புக்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி மாமாவின் அற்பத்தனம்தான். அதற்கப்புறம் அவருக்குக் கை பரபரத்தது. போர்க்கள ஆஸ்பத்திரியின் சேர்க்கைப் பதிவேட்டுக்கு எழுதிப் போட்டு வாங்கினார். 10.55, 11.40, 12.25. ஒவ்வொரு ட்ரிப்புக்கும் சரியாகப் பதினைந்து நிமிஷம் கழித்து அடிபட்டவர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மனுவின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார்.

"'சிந்திக்கும் திறனைத் தலைமையகத்தில் ஒப்படைத்துவிட்டுப் பணிக்கு வந்த ஏதோ ஒரு கிளார்க்'. இது உங்களைத்தான் எழுதியிருக்கீங்களா?"

"ஆமாங்க மேடம். எழுதும்போது தெரியல."

"இந்தப் பத்தியை நீக்கணுமா?"

"வேண்டாங்க மேடம். 'ஏதோ ஒரு'ங்கிறதை மட்டும் அடிச்சுட்டு என் பேரைப் போட்டுக்கங்க."

பக்கத்தில் இருந்தவர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். தலைவி அம்மா சிரிக்கவில்லை. "அன்னைக்கு அவர் ஒவ்வொரு தடவையும் நின்னு சீட்டுல கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"மூணாவது ட்ரிப் போயிருக்க முடியாதுங்க" என்றார் மாமா. " பன்னெண்டேகாலுக்குப் பாலம் உடைஞ்சுது. அதையும் நான்தான் எழுதி வெச்சிருக்கேன்."

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. சிவப்பு வரி மூன்றும் நீக்கம். அந்த இடத்தில், காயமுற்ற பதினொருவரை மூன்று முறை பாலம் கடந்து கொண்டுசென்றார் என்று கறுப்பு மையில் புதுப் பதிவு. பெரிய மெடல் கிடைக்கவில்லை. அதிகாரி எழுதிய பரிந்துரைக் கடிதம் எங்குமே அகப்படவில்லையாம். ஒரு பாராட்டுச் சான்றிதழ், சட்டையில் குத்த ஒரு சின்ன பேட்ஜ். மாமா உடனே அடுத்த மனுவுக்குத் தாளை எடுத்தார். டிரைவர் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "நீ எழுதினது போதும்யா. வீட்டுக்குச் சாப்பிட வா."

மாமா போனார். கூடவே மனைவியும். சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை அந்தப் புதுத் தாளைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவராகவே டிரைவரிடம் கேட்டார்: "மாமா, பத்து நாப்பதுக்குக் கிளம்பினீங்களே, அப்ப பாலத்துமேல தண்ணி ஏறியிருந்துச்சா?"

டிரைவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "கேளு மாப்ளே, சக்கரம் பாதி முழுகுற அளவுக்கு..." என்று ஆரம்பித்தார். ஒருத்தரும் பேச்சை மாற்றவில்லை. மூன்றாவது ட்ரிப் முடிந்ததும் எழுந்து நின்று, தோளைக் குறுக்கி, சீட்டுப் புத்தகத்தோடு வந்த ஒல்லிக் கிளார்க்கை நடித்துக் காட்டினார். மேஜையே குலுங்கிச் சிரித்தது. "மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கணும்யா" என்று மனு மாமா திருத்தம் சொன்னார்.

இவ்வளவுதான் நடந்தது. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவருடைய காகிதத்தில் இப்படி ஒரு வரி தப்பாக உட்கார்ந்திருக்கும். அதைச் சரிசெய்ய நீங்கள் பட்ட பாட்டை எழுதுங்கள். தப்பை எழுதியதே நீங்கள்தான் என்றால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். அந்த மாதிரிக் கடிதங்களை மனு மாமா முதலில் படிக்க வேண்டுமாம், தனக்குத் துணை தேடுகிறார்.