வெள்ளைக்குப் பின்னால் நின்ற ராசா

பார்க்கிறவர்கள் இருக்க நாற்பது கதிரை. கொரோனாச் சட்டத்தில் அவ்வளவுதான் அனுமதி என்று கூத்துச் சபைத் தலைவர் வினாயகமூர்த்தி சொன்னபோது நானும் தலையாட்டினேன். அழைப்புப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் பற்றி எரிந்தது. அதில் தலைவரின் சம்பந்தி இருந்தார். சம்பந்தியின் தம்பியும் இருந்தார். ஆடுகிறவர்களின் மனைவிமாரில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை.

"நீங்க வீட்டிலிருந்து போனில பாக்கலாம்தானே புள்ள. பேஸ்புக்கில லைவ் போகுது," என்றார்.

"ஏன், உங்கட சம்பந்திட்ட போன் இல்லையா?"

"கம்சாயினி, உனக்கு வாய் கூடிப் போச்சு!"

கூடாமல் என்ன செய்யும்? ஒத்திகைக்கு ஆட்கள் சேரக் கூடாது என்றிருந்த நாலு மாதமும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை அடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். அதைக் கேட்டுக் கேட்டு, கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் வாளியில் நான் தட்டுவேன். என் கணவர் நிதுர்ஷன் குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே ராசா வேஷம் ஆடுவார்.

"இஞ்சேருங்க, ராசா வாழைக்குள்ள போறார்!" என்று அடி பிசகும்போது கத்துவேன். கடைசியில் வாளியின் அடி வெடித்தே போனது. அந்த ராசாவின் அரங்கேற்றத்தை நான் போனில் பார்க்க வேண்டுமாம்.

"நீ இல்லாட்டி நானும் ஆடல்ல," என்று நின்றார் அவர். மற்றவர்களின் உழைப்பும் பாழாகுமே என்று நான்தான் ஏசி அனுப்பினேன்.

விடிய விடிய ஆடும் கூத்தை ஊரடங்குக்குப் பயந்து பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கினார்கள். போனைத் திறந்தேன். முதுகுகள் தெரிந்தன. கூத்தாடும் வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருக்கும். அதற்கு முன் ஏது, பின் ஏது? இவர்களோ மேடை நாடகம் என்ற நினைப்பில் ஒரே பக்கத்தில் கமராவைக் கட்டியிருந்தார்கள். அதுவும் கூத்தர் உள்ளே வரும் வழியில்!

"கமராவத் திருப்புங்க," என்று எழுதினேன். கத்தாரில் இருந்தும் லண்டனில் இருந்தும் அதையே எழுதினார்கள். எவரும் கவனிக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் பொன்னாடையும் பேச்சும். அது முடிந்ததும் எதிர்ப்பக்கத்து விருந்தினர்கள் எழுந்து வாகனங்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களோடு சம்பந்தியும் தம்பியும். பதினொரு கதிரை காலி. எண்ணினேன்.

பிறகு ராசாவின் வரவு. முக்கியமான பாத்திரம் களரிக்குள் வருமுன் இரண்டு பேர் வெள்ளைச் சேலையை விரித்து மறைத்துப் பிடிப்பார்கள். அது விலகும்போதுதான் சபை ஆளைக் காணும். கமரா பிழையான பக்கம் இருந்ததால் போனில் பார்த்த எங்களுக்கு மட்டும் மறைவுக்குள் நின்றவர் தெரிந்தார். நான் தைத்த உடுப்பு, தலையில் ராசமுடி, வியர்த்த கழுத்து.

அவர் திரும்பி நேரே கமராவைப் பார்த்தார்.

"கம்சா, கதிரையெல்லாம் காலியாக் கிடக்கு. நீ வந்து இரி. அதுவரைக்கும் இந்த வெள்ளை விலகாது."

அடுப்பை அணைத்தேனோ என்னவோ. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

வாசலில் தலைவர் கையை நீட்டி மறித்தார். "பட்டியல்ல இல்லாத ஆள விட ஏலாது. சட்டம் சட்டம்தான்."

பக்கத்தில் பெயர் பதியும் கொப்பியோடு நின்ற சுகாதாரப் பரிசோதகர் ஸாஹிரிடம் திரும்பினேன். "சேர், உள்ள இப்ப எத்தின பேர்?"

"இருவத்தொன்பது."

"சட்டத்தில எண்ணுறது ஆளையா, சம்பந்தியையா?"

அவர் மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "ஆளத்தான் தங்கச்சி. கையக் கழுவிட்டுப் போங்க."

"அது விருந்தாளிகள்ற கதிரை!" என்றார் தலைவர்.

"கூத்துத் தொடங்க முன்னமே எழும்பிப் போனவங்களுக்கு என்னத்துக்குக் கதிரை?"

அங்கேயே நின்று, இன்னொரு கூத்தரின் மனைவி யசோதினிக்குப் போன் எடுத்தேன். "பத்துக் கதிரை இரிக்கு. மத்தவங்களையும் கூட்டிட்டு ஓடி வா."

உள்ளே அண்ணாவியார் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். சேலை பிடித்தவர்கள் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 'பிரதம விருந்தினர்' என்று ஒட்டியிருந்த கதிரையில் போய் இருந்தேன்.

வெள்ளை விலகியது.

அடி பிசகவில்லை. ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. கதிரைக் கையில் தாளம் தட்டினேன், வாளியைப் போல அதுவும் வெடித்தால் வெடிக்கட்டும் என்று.