போர்வைக்கேற்ற கலம்

எங்கள் வெள்ளிக் கோள் விண்கலத்துக்கு வயது பதினொன்று, இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் மூன்று ஜனாதிபதிகளைப் பார்த்துவிட்டது. முதலாமவர் நிலவுக்குப் போகச் சொன்னார், அடுத்தவர் செவ்வாய்க்கு, இப்போதிருப்பவர் மறுபடியும் நிலவுக்கு. வெள்ளி யாருக்கும் வேண்டாம். அங்கே கொடி நட்டால் உருகிவிடுமாம். இந்த வருடம் அரசு எங்களுக்கு ஒதுக்கிய பணம் பூஜ்யம். எனக்கு அறுபத்திரண்டு வயது. அது மேலே போவதைப் பார்க்காமல் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போக மனமில்லை.

வாஷிங்டனில் எங்களுக்காக நிதி கேட்டுப் படியேறி இறங்கும் மார்சியா, மேசையில் அமெரிக்க வரைபடத்தை விரித்தாள். கலத்தின் பாகங்களைச் செய்யும் மாநிலங்களுக்கெல்லாம் பச்சை அடித்திருந்தாள். ஆர்கன்சாஸ் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. நிதிக் குழுத் தலைவர் செனட்டர் ஹோரஸ் பிக்கெட் அந்த மாநிலத்துக்காரர்; தன் ஊருக்கு வேலை வராத திட்டத்துக்குப் பணம் தரமாட்டார். இது தெரிந்தும் பதினொரு வருடம் விஞ்ஞானம் பேசிக்கொண்டிருந்த எங்களை எதால் அடிப்பது?

அவர் ஊரில் மெத்தை விரிப்பு தைக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. எங்கள் கலத்துக்கும் வெயில் தாங்கப் பளபளப்பான போர்வை ஒன்று தைத்தாக வேண்டும். வேலையை அங்கே கொடுப்பதாகச் சொன்னோம். பிக்கெட்டுக்கு வாயெல்லாம் பல்.

நிதி மசோதா வந்தது. போர்வைக்கு முழுப் பணம், கலத்துக்குப் பூஜ்யம். பெண் பார்க்கும் முன்பே கூறைப்புடவை எடுத்தாயிற்று. போதாக்குறைக்கு, பக்கத்து ஊர்த் தொழிற்சாலைக்கும் பங்கு கிடைக்கட்டும் என்று போர்வையை இரண்டு மடங்கு பெரிதாகத் தைக்கச் சொல்லி பிக்கெட் எழுதியும் வைத்துவிட்டார்.

எட்டு மாதத்தில் போர்வை முடிந்தது. தொழிற்சாலை வாசலில் மீன் வறுத்து விருந்து வைத்தார்கள். தேர்தல் நேரம் என்பதால் பிக்கெட்டும் தட்டோடு நின்றிருந்தார். தையல்காரர்களுக்குத் தலைவி டார்லா என்னிடம் வந்தாள்.

"கண்ணு, நான் தைச்சது எப்ப மேல போகும்?"

எனக்குப் பொய் வரவில்லை. போர்வை மட்டும்தான் இருக்கிறது, போர்த்த ஒன்றுமில்லை என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பிக்கெட்டிடம் போனாள். இருவரும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போனவர்கள்.

"ஏம்ப்பா ஹோரஸ், இது வெள்ளிக்குப் போகுதுன்னு சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாத."

போர்வை தைத்த எண்பது பெண்களும் தட்டைக் கீழே வைத்தார்கள். பிக்கெட் வாயிலிருந்த மீனை முள்ளோடு விழுங்கிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"மக்கள் பணத்துல தைச்ச போர்வை பரண்ல கிடக்க நான் விடமாட்டேன். இதுக்குள்ள வைக்க ஒரு கலம் செஞ்சே தீருவோம்."

எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியது நான்தான். வெட்கமில்லாமல் அழவும் செய்தேன்.

அடுத்த மாதமே பணம் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: போர்வையில் ஒரு நூல்கூட வெட்டக் கூடாது. பழைய வரைபடங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இப்போது கலத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறோம். ஓய்வைத் தள்ளிப் போட்டுவிட்டேன். மாதிரிக் கலத்துக்குப் போர்த்திப் பார்க்க நேற்று டார்லா வந்திருந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இடுப்புகிட்ட தொளதொளங்குது கண்ணு. உங்க கலத்தை இன்னும் ரெண்டு அடி பெருசாக்குங்க."

குறித்துக்கொண்டேன்.