கிழக்குச் சுவரில் ஜன்னல் இல்லை

கண்ணுகளா, இது ஒரு ஜன்னலின் கதை. பெரிய ஜன்னல் ஒன்றுமில்லை. அகலம் மூன்றடி, உயரம் நாலடி. அதை வைத்தவர் ஒரு மேஸ்திரி. ஊரார் வீட்டுக்கெல்லாம் ஆள் வைத்து வேலை வாங்குகிற மனுஷர், தன் வீட்டுக்கு மட்டும் தானே உளியைப் பிடித்தார். காரணம் அவருடைய தங்கை. அவள் அப்போது கட்டடம் வரையும் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் கோடு தெரியும். ஒரு விடுமுறை நாள் காலையில் கிழக்குச் சுவரை உடைக்கத் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் சட்டம் நிறுத்திப் பூசியும் முடித்துவிட்டார்.

"அனுமதி கினுமதி வாங்கணுமேண்ணா" என்று தங்கை இழுத்தாள்.

"நம்ம சுவரு, நம்ம உளி. சூரியன் உள்ள வர எவன்டீ அனுமதி குடுக்கணும்?"

அவள் படித்து முடித்து வேலைக்குப் போன வருஷம், அண்ணன் சாரத்திலிருந்து விழுந்தார். உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே எதுவும் தங்கவில்லை. அவளுடைய மேசை இருந்த இடத்துக்கு அவருடைய கட்டில் வந்தது.

அன்றிலிருந்து அவருக்குக் கடிகாரமும் துணையும் அந்த வெயில்தான். காலை ஏழேகாலுக்கு எதிர்ச் சுவரில் விழும். அங்கிருந்து இறங்கி, தரையில் மெல்ல நகர்ந்து, கட்டில் ஏறி அவருடைய முழங்காலுக்கு வரும். ஒன்பதே முக்காலுக்கு மேல்வீட்டுப் பால்கனி அதை மறைத்துவிடும். காலுக்கு உணர்ச்சி இல்லை, சூடு தெரியாது. அதனால் முழங்காலைக் கையால் தொட்டுப் பார்ப்பார். "என் காலு இன்னும் உயிரோடதான் இருக்கு, பாரு சுடுது" என்பார். சுவர் ஈரம் பிடித்த வீடு. அவருக்கோ நெஞ்சில் சளி, முதுகில் படுக்கைப் புண். புண்ணுக்கு மருந்து கட்ட வரும் நர்ஸ், "இந்த வெயில் மட்டும் இல்லைன்னா உங்களை எப்பவோ ஆஸ்பத்திரியில போட்டிருப்பாங்க" என்று சொல்லாத வாரமில்லை.

தங்கை வேலை பார்த்த அலுவலகத்தில் ஊரைக் கணினிக்குள் கட்டுவார்கள். புதுக் கட்டடம் ஒன்று எழும்பினால் காற்று எப்படித் திரும்பும், நிழல் எங்கே விழும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதுதான் தொழில். சுற்றிலும் உள்ள ஜன்னல்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரமாவது வெயில் மிஞ்ச வேண்டும் என்பது விதி. மிஞ்சினால் பச்சை, குறைந்தால் சிவப்பு.

அவர்கள் வீட்டுக்குக் கிழக்கே, பழைய பஸ் பணிமனை இருந்த இடத்தில் இருபத்திரண்டு மாடி வரப்போகிறது என்று கோப்பு வந்தது. நிழல் ஆய்வு அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது. சுற்றியிருந்த அறுபத்து மூன்று கட்டடங்களையும் நேரில் போய்ப் பார்த்தா வரைவார்கள்? அதற்கு நேரம் ஏது! அங்கீகாரம் பெற்ற வரைபடங்களை அப்படியே கணினியில் ஏற்றுவார்கள். படத்தில் ஜன்னல் இருந்தால் ஜன்னல், இல்லாவிட்டால் வெறும் சுவர். நாற்பத்தொன்றாம் எண்ணாக அவளுடைய வீடே வந்தது. "ஐயோ, இது எங்க வீடு!" என்று பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். சிரித்துவிட்டு நாற்பத்திரண்டுக்குப் போய்விட்டாள். மேலேயிருந்து பார்த்தால் சொந்த வீடும் ஒரு பெட்டிதானே, கண்ணுகளா.

எல்லாம் பச்சையாக வந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கட்டடத்துக்கு அனுமதியும் கிடைத்தது. அன்று சாயங்காலம் செல்போனில் படத்தைக் கொண்டுவந்து அண்ணனுக்குக் காட்டினாள்.

"பயப்படாதண்ணா. நம்ம வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. பாரு, பச்சை."

மேஸ்திரி படத்தை விரலால் பெரிதாக்கினார். சுவரைப் படிக்கத் தெரிந்த கண் அல்லவா?

"ஏம்மா, இது கிழக்குச் சுவருதானே?"

"ஆமா."

"அப்ப என் ஜன்னல் எங்க?"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் நாற்பத்தொன்றாம் பெட்டியின் கிழக்குச் சுவரில் மூன்றுக்கு நாலடி ஓட்டை ஒன்று போட்டாள். கணக்கை மறுபடி ஓடவிட்டாள். அந்த ஒரு கட்டம் மட்டும் இரத்தச் சிவப்பாக வந்தது. இரண்டு மணி நேரம் வேண்டாம், இரண்டு நிமிஷம்கூட மிஞ்சவில்லை. அதை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினாள்.

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார். "இந்த ஜன்னலுக்கு அனுமதி இருக்காம்மா?"

"இல்லை சார். அண்ணன் வச்சது."

"ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் இருக்கு. நீ தாராளமா எழுதிக் குடுக்கலாம். ஆனா குடுத்தா என்ன நடக்கும்னு யோசிச்சியா? மாநகராட்சியிலருந்து ஆள் வருவான். வந்து முதல்ல என்ன பார்ப்பான்?"

"ஜன்னலை."

"பார்த்துட்டு?"

அவள் கையிலிருந்த சிவப்புப் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அனுமதியில்லாத திறப்புன்னு எழுதி, செங்கல் வச்சு அடைக்கச் சொல்லிட்டுப் போவான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். அதனால அந்தக் கட்டட வேலை நின்னுடாதும்மா. சட்டப்படி அங்க ஜன்னலே கிடையாது. நீ போட்ட மாடல் தப்பே இல்லை."

தப்பே இல்லை என்ற அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "ஊருக்கெல்லாம் சொன்னேன், பிளான் பாஸ் ஆகாம கல்லு வைக்காதேன்னு. எனக்கு மட்டும் வாய் நீண்டுடுச்சு. விடு. வெயில் போனாலும் காத்து வரும். எழுதிக் குடுத்து அதையும் கெடுத்துக்காத."

முப்பது நாளும் கழிந்தது. அவள் எழுதிக் கொடுக்கவில்லை. வேறு வீடு பார்த்தாள். கட்டிலை ஏற்ற முடிகிற மாடிப்படியும், கிழக்கே வெயிலும், அவள் சம்பளத்துக்கு அடங்கும் வாடகையும் மூன்றும் ஒன்றாக எங்கும் அமையவில்லை.

கட்டடம் வளர்ந்தது. ஒன்பது நாளைக்கு ஒரு தளம். படுத்தபடியே அண்ணன் சத்தத்தை வைத்துச் சொல்லுவார்: "இன்னைக்குக் கான்கிரீட். நல்லா குத்துறாங்க. வேலை சுத்தம்." தனக்குக் குழி வெட்டுகிறவனைக்கூட வேலை சுத்தமாக இருந்தால் மெச்சுகிற ஜாதி அது. ஒவ்வொரு தளத்துக்கும் ஏழெட்டு நிமிஷம் வெயில் குறைந்தது. முதலில் எதிர்ச் சுவர் போயிற்று. பிறகு தரை போயிற்று. சுவரோரம் கறுப்பாகப் பூஞ்சை ஏறியது. நர்ஸ் வாரத்துக்கு இரண்டு முறை வரத் தொடங்கினாள். வெயிலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"எந்த நாளோட முடியுது?" என்று ஒரு நாள் அண்ணன் கேட்டார்.

"தெரியலண்ணா."

"பொய் சொல்லாதடி. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்ற, எனக்குச் சொல்ல மாட்டியா?"

அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தளமாக ஏற்றி என்றைக்கோ ஓட்டிப் பார்த்துவிட்டிருந்தாள். "இருபதாவது தளம் போட்ட மறுநாள்" என்றாள். "அன்னைக்கு ஒம்பது நாப்பத்திரண்டுலருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும். இருபத்தொண்ணாவதுக்குச் சாரம் ஏறிட்டா அதுவும் இல்லை."

"மூணு நிமிஷம்."

"மூணு நிமிஷம்."

அந்த நாளில் அவள் வேலைக்குப் போகவில்லை. வானத்தில் ஒரு மேகமில்லை. மேகம் வந்து தன் கணக்கைப் பொய்யாக்கட்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. அண்ணன் காலையிலேயே முகம் துடைத்துக்கொண்டு, தலைவாரிக்கொண்டு, யாரோ வருவதுபோலக் காத்திருந்தார். ஒன்பது நாற்பத்திரண்டுக்கு அது வந்தது. சுவருக்கும் வராமல், தரைக்கும் வராமல், நேராக முழங்காலில் வந்து உட்கார்ந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு கை நிழலாயிற்று. அவர் கையை எடுக்கவில்லை.

"மணி என்ன?"

"ஒம்பது நாப்பத்தஞ்சு."

"கணக்கு சரியா வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா."

"ஒரு நிமிஷம்கூடத் தப்பலையா?"

"தப்பல."

"கெட்டிக்காரி" என்றார். முன்பு அவள் பரீட்சையில் தேறிய போதெல்லாம் சொன்ன அதே குரலில்தான் சொன்னார்.

அவள் எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடப் போனாள்.

"அது கிடக்கட்டும்" என்றார். "இனிமே மறைக்க அங்க என்ன இருக்கு?"