முடிக்கக் கூடாத போர்வை

மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிட என்றால் யாரால் முடியும்? என்னால் முடியாது. உட்கார்ந்து நிதானமாகச் சோறு உண்ணக்கூடப் பொறுமை இல்லாதவள் நான். ஆனால் போன தடவை ஆறாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டதால், இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது. சுற்றுகிற ஃபேனையே எத்தனை நாள் பார்ப்பது? பைத்தியம் பிடிக்காத குறைதான்.

அப்போதுதான் யூடியூபில் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் இந்தப் போர்வையைப் பார்த்து, குழந்தைக்கென்று ஆரம்பித்தேன். கெட்டிக் காகிதத்தைச் சின்னச் சின்ன அறுகோணங்களாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து, பெரிய பெரிய தையலாக நூலோட்டி நிறுத்த வேண்டும். பிறகு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்துப் பொடித் தையலில் இணைக்க வேண்டும். சுற்றிலும் இணைத்த பிறகே நூலைப் பிரித்துக் காகிதத்தை உருவலாம். காகிதத்துக்கா பஞ்சம்? வீட்டில் குவிந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளே போதும். துணிக்கு என் வீட்டுக்காரர் கிருபாசங்கரின் பழைய சட்டைகளும் என் சுங்குடிச் சேலையும்.

அம்மாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை; தைத்து வரும் பனியனைச் சரிபார்த்து நூல் பிசிறை வெட்டுவார். என்னைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டுவிட்டுச் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கும் இருப்புக்கொள்ளாது. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவார், வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடப்பார். நான் தைப்பதைப் பார்த்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "இப்பவே எதுக்கு கண்ணு அதெல்லாம்?" என்பார். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நேற்று மதியம் தூங்கி எழுந்து தையல் கூடையை இழுத்தேன். நான் நூலோட்டி வைத்த துண்டுகள் அத்தனையும் அவிழ்ந்து கிடந்தன. காகிதம் ஒரு குவியல், கசங்கிய துணி ஒரு குவியல். அம்மா கையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பிசிறா இருந்துச்சு கண்ணு. வெட்டிப்போட்டேன்."

"எனக்கே காது குத்துறீங்களா? வருசக்கணக்காப் பிசிறு வெட்டுறவங்களுக்கு எது பிசிறு, எது தையல்னு தெரியாதுங்களா? வேணும்னேதான் வெட்டியிருக்கீங்க!" நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அம்மா கத்தரியைக் கீழே வைத்தார்.

"ஆமா, வேணும்னேதான் வெட்டுனேன். போன தடவை குட்டிச் சட்டை தெச்சு முடிச்சே. அந்த வாரமே எல்லாம் போச்சு. பொறக்கறதுக்கு முந்தி எதையும் தெச்சு வெக்கப்படாதுன்னு சொன்னா நீ கேக்கவா போறே? இதும் முடிஞ்சிருமோ, முடிஞ்சிருமோன்னு எனக்குச் சோறு எறங்கல சாமி."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கும் பயம்தான். நாளெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, அசைகிறதா அசைகிறதா என்றுதான் கிடக்கிறேன். ஊசியை எடுத்ததே அந்தப் பயத்தில்தான். கிருபாசங்கரிடம்கூடச் சொல்லாததை அம்மாவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"இது இப்பத்திக்கு முடியாதுங்ம்மா" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒரு நாளைக்கு நாலு துண்டு ஓட்டுனாலே பெருசு. எல்லாத்தையும் சேத்தி முடிக்க ரெண்டு மூணு வருசம் ஆயிரும்."

"மெசின்ல அடிச்சா?"

"கையிலதாங்ம்மா தெக்கணும்."

அம்மா நம்பவில்லை. மலைமலையாகப் பனியன் கண்ணெதிரே ஓடுவதைப் பார்த்துப் பழகியவர். ஒரு காகிதத்தையும் துணியையும் எடுத்து மடித்து நூலோட்டிப் பார்த்தார். மூலை நிற்கவில்லை. பிரித்தார், மறுபடி ஓட்டினார். ஒரு துண்டு உருப்படுவதற்குள் எனக்கு வைத்திருந்த பால் ஆடை கட்டிவிட்டது.

"நெசமாவே ரெண்டு மூணு வருசமா?"

"ஆமாங்ம்மா."

நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தார். நான் உண்டானதிலிருந்து, குழந்தை என்ற பேச்சையே வாயில் எடுக்காதவர்.

"அப்ப இந்த ஊசிய ஒசரத்துல வெக்கோணும் கண்ணு" என்றார். "கைக்கு எட்டுச்சுன்னா எடுத்து வாயில போட்டுக்கும்."