இங்கே அடி கிடையாது

கரமனைப் பாலத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஒரு மின்கம்பம் விடாமல் கிருஷ்ணவேணி தன் மழலைப் பள்ளிக்குத் தன் கையாலேயே நோட்டீஸ் ஒட்டினாள். பாதி தமிழ், பாதி மலையாளம். வீட்டு விலாசமும் கைபேசி எண்ணும் சின்ன எழுத்தில் இருந்தன. நடுவில் கொட்டை எழுத்தில் ஒரே வரி: "இங்கே அடி கிடையாது."

பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகளைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏசி அறை, ஆங்கிலப் பாட்டு, பிளாஸ்டிக் சறுக்கு என்று எதையாவது போடுவார்கள். இவள் என்னடாவென்றால் இல்லாத ஒன்றை விளம்பரம் செய்கிறாளே என்று கேலி. சிரிக்கட்டும். அடி வாங்காதவனுக்கு அந்த வரியின் அருமை எங்கே தெரியப் போகிறது?

அவளுக்குத் தெரியும். அப்பா பெயர் பகவதிப்பெருமாள், சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். துணி அளக்க இரும்பில் ஒரு கெஜக்கோல் உண்டு. துணியை அளந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதனால் பிள்ளைகளை அளந்தார். "கையை நீட்டு" என்பார். நீட்டினால் உள்ளங்கை, இழுத்துக்கொண்டால் முதுகு. கிருஷ்ணவேணிக்கு ஒரு பங்கு என்றால் தம்பி மகேஷ்குமாருக்கு இரண்டு பங்கு. ஆண்பிள்ளை, உருப்பட வேண்டுமாம். அவன் உருப்பட்ட லட்சணம்தான் இனி வரப்போகிறது.

அப்பா போனார், கடையும் போனது, கோல் மட்டும் வீட்டில் நின்றது. அதைத் தூக்கி எறிய அவளுக்கு மனம் வரவில்லை. சோறு போட்டதும் அதுதான், தோலை உரித்ததும் அதுதான்; எதை நினைத்து எறிவது? வருஷா வருஷம் நவராத்திரிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் புத்தகங்களோடு பூஜையில் சாத்தி வைப்பாள்.

அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, வாரிக் கொட்டியவள் அவள். கல்யாணம், காட்சி எதுவும் இல்லாமல் வயது நாற்பதை எட்டிப் பார்த்துவிட்டது. ஒரு நர்சரியில் வேலை பார்த்தாள். பிரம்பைக் கையில் எடுக்க மாட்டேன் என்றதற்கு அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். சரி, நம் வீடு இருக்கிறதே, முன்னறையில் நாமே நாலு பிள்ளைகளை வைத்துக்கொள்வோம் என்று சின்ன நாற்காலிகள் வாங்கி, மதில் சுவரில் யானைப் படம் வரைந்தாள்.

மகேஷ் குறுக்கே வந்து விழுந்தான். வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட ஒருவனிடம் பேசி முடித்திருந்தான். பாதிப் பங்கு அவனுக்கு உண்டு. ஆனால் அக்காள் கையெழுத்துப் போடாமல் நடக்காது. கத்தினான், கதவை உதைத்தான், ஒரு நாள் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். கடைசியில் சித்தப்பா ராமசுப்ரமணியன் வந்து பேசித் தீர்த்தார்.

"விஜயதசமி அன்னைக்கு ஒரு பிள்ளையாவது வந்து இங்க அரிசியில எழுதிச்சுன்னா வீடு இடிபடாது. ஒண்ணுகூட வரல்லேன்னா வேணி, நீ கையெழுத்துப் போட்டுரணும். சம்மதமா?"

"சம்மதம் சித்தப்பா" என்றாள் கிருஷ்ணவேணி.

"ஒண்ணு வருதான்னு பாப்போம்" என்று சிரித்தான் மகேஷ்.

அன்றிலிருந்து யாரும் வராமல் பார்த்துக்கொள்வதே அவனுக்கு வேலையாகிவிட்டது. ஆட்டோக்காரன் அனீஷ் தன் மகளைச் சேர்ப்பதாகச் சொல்லி, வண்டியின் பின்னால் பள்ளிக்கூட பேனரும் கட்டியிருந்தான். பாவம், நல்லது செய்யப் போனவன். தம்பானூர் ஸ்டாண்டில் வைத்தே மகேஷும் கூட்டாளிகளும் அவனை இழுத்துப் போட்டார்கள். வண்டிக் கண்ணாடி நொறுங்கியது, அனீஷின் முன்பல் ஒன்று தார்ரோட்டில் விழுந்தது. மறுநாள் வாய் வீங்கிய குரலில் போன் வந்தது.

"சேச்சி, என்னைக் கொண்டு பற்றில்ல, முடியாது. மன்னிக்கணும்."

அடுத்த வாரம் மகேஷ் மதில் சுவரின் யானை மேல் வண்டியில் வடித்த கரி ஆயிலை ஊற்றினான். பார்க்க வந்த ஒரு தம்பதியை வாசலிலேயே நிறுத்தி, காது கூசும்படி பேசி விரட்டினான். கிருஷ்ணவேணி அசரவில்லை. பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்த வீட்டைவிட்டு எங்கே போவது என்பது. அவள் தெருத் தெருவாக இறங்கினாள்.

ஜவுளிக்கடை ஒன்றில் வேலைக்கு நிற்கும் சபீனா உடனே சரி என்றாள். அவளுக்குக் காலையில் பெண்ணை விட்டுவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும். பிச்சைக்கனிதான் யோசித்தான். தென்காசிப் பக்கத்துக்காரன், ஓட்டலில் பரோட்டா மாஸ்டர்.

"அடியாத மாடு படியாதும்பாங்க டீச்சர். அடிக்காம படிப்பு எப்படி ஏறும்?"

"உங்களுக்கு ஏறிச்சா?"

அவன் சட்டைக் கையைச் சுருட்டினான். பிறகு முழங்கைக்கு மேலே பழைய சூட்டுத் தழும்பைக் காட்டினான். "மாவு பிசையத் தெரியலன்னு மொத மொதலாளி வச்சது. எம்பயலுக்கு இது வேண்டாம். கூட்டிட்டு வாறேன்."

விஜயதசமி காலை. முன்னறையில் விளக்கு எரிந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், சிலேட்டுகள், ஓரமாய்க் குங்குமப் பொட்டோடு கெஜக்கோல். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பியிருந்தாள். சபீனாவும் மகளும் ஒரு பக்கம், பிச்சைக்கனியும் புதுச் சட்டை போட்ட பையனும் ஒரு பக்கம். பையனை மடியில் இருத்தி அவன் விரலைப் பிடிக்கப் போனாள். முதல் எழுத்து எழுதுவிக்கிறவரின் கைராசிதான் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க வரும் என்பது ஊர் நம்பிக்கை. அதை நினைத்துக் கையை ஒருமுறை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கதவு உதைபட்டுத் திறந்தது.

மகேஷ் நேரே உள்ளே வந்தான். தாம்பாளத்தை ஓர் உதை உதைத்தான். அரிசி சுவரெல்லாம் சிதறியது. சின்ன நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரில் அடித்தான். ஒன்றின் உடைந்த கால் தெறித்துச் சபீனாவின் புருவத்தைக் கிழித்தது. அவள் மகளை நெஞ்சோடு அணைத்தபடி மூலையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையின் தலைமுடியில் தாயின் ரத்தம் சொட்டியது. தடுக்கப் போன பிச்சைக்கனியை வயிற்றில் முட்டியால் இடித்து, தலைமுடியைப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதினான். பிறகு கிருஷ்ணவேணியின் மடியிலிருந்து பையனை ஒற்றைக் கையால் பிடுங்கி, தோளெலும்பு திருகும்படி தொங்கவிட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"பள்ளிக்கூடம் லீவு" என்றான்.

பையன் வீறிட்டான். கிருஷ்ணவேணியின் கைக்கு எட்டிய தூரத்தில் கெஜக்கோல் இருந்தது. எடுத்தாள். பின்னாலேயே ஓடி, ஓங்கி அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பையன் விழ, பிச்சைக்கனி தவழ்ந்து போய்ப் பிடித்துக்கொண்டான்.

அதோடு அவள் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் ஊரே அவளை மெச்சியிருக்கும்.

மகேஷ் திரும்பி அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். அவ்வளவுதான், அந்த ஆறடி உடம்பு அப்படியே குறுகியது. சுவரோரமாக ஒதுங்கி, நல்ல கையால் தலையை மூடிக்கொண்டான். "வேண்டாம்ப்பா" என்றான். அக்காளைப் பார்த்துத்தான் சொன்னான்.

அந்த நிமிஷத்தில் கிருஷ்ணவேணிக்கு இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. வந்தது ருசி. கழுத்தைப் பிடித்ததற்கு, யானை மேல் ஊற்றியதற்கு, அனீஷின் பல்லுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து உடம்பு முழுக்க ஒரு வெறி ஏறியது. "கையை நீட்டுலே" என்றாள். குரல் அவளுடையது அல்ல.

அவன் நீட்டினான். அழுதுகொண்டே இடது கையை நீட்டினான். அடித்தாள். அவன் இழுத்துக்கொண்டதும் முதுகில் அடித்தாள். சட்டை கிழிந்து தோல் பிளந்தது. கோல் ஏறி ஏறி இறங்கியது. அதில் வைத்த குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. கடைசியில் பிச்சைக்கனி பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்தான்.

"போதும் டீச்சர். பிள்ளைய பாக்குதுவ."

அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மகேஷ் சுவரைப் பிடித்து எழுந்து, முறிந்த கையை மார்போடு அணைத்தபடி தள்ளாடி வெளியே போனான்.

சபீனா முந்தானையால் புருவத்தை அழுத்திக்கொண்டு எழுந்தாள். "அடி கிடையாதுன்னு எழுதியிருந்தீங்க" என்றாள் மெல்ல. குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பிச்சைக்கனி தயங்கி நின்றான். "நீங்க எம்பயல காப்பாத்தினீங்க, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா அவன் அந்தாளு தூக்கும்போது மூத்திரம் போகல டீச்சர். உங்களப் பாத்துத்தான் போனான்." தலையைக் குனிந்துகொண்டு அவனும் போய்விட்டான்.

மத்தியானம் சித்தப்பா போன் செய்தார். "பிள்ளை யாராவது எழுதிச்சா?"

"இல்ல."

"அப்ப சாயங்காலம் பேப்பரோட வாறேன், கேட்டியா."

அவள் அரிசியைக் கூட்டி அள்ளினாள். வீடு போகிறதே என்று அழவில்லை. அப்பா செத்துவிட்டார், தொலைந்தது பீடை என்று இத்தனை நாள் நிம்மதியாய் இருந்தாளே, அவர் தன் தோளுக்குள்ளேயே குடியிருந்திருக்கிறார் என்பதை நினைத்து அழுதாள். வாய்விட்டே அழுதாள்.

வெயில் தாழ்ந்தபோது வாசலில் மகேஷின் மனைவி ஷிஜா நின்றாள். நெய்யாற்றின்கரைக்காரி, தமிழ் கல்யாணத்துக்குப் பிறகு படித்துக்கொண்டது. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. இடுப்பில் மகள் அஞ்சு, மூன்றரை வயது. ஷிஜா பிள்ளையின் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். சார்ஜர் வயரின் தடம் சிவந்து தடித்துக் கிடந்தது.

"பிளாஸ்டர் இட்டு ஆஸ்பத்திரியிலேந்து வந்தாரு. இவ தண்ணி கொண்டு போனா, கிளாஸ் விழுந்துது. இடது கையால வயரை எடுத்தாரு. கையை நீட்டுன்னாரு சேச்சி. இவளும் நீட்டினா."

கிருஷ்ணவேணி கதவைப் பிடித்துக்கொண்டாள். காலையில் தான் ஓங்கியது எங்கே வந்து இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள்.

"இவளை இங்க சேக்கணும்" என்றாள் ஷிஜா.

"என்கிட்டயா? காலையில நான் என்ன செஞ்சேன்னு தெரியும்லா?"

"தெரியும். அவரு கை ஒடிஞ்சதுல எனக்குச் சந்தோஷம்தான், கள்ளம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கெஜக் கம்பி இந்த வீட்டுல இருக்கிறது வரைக்கும் என் பிள்ளை உள்ள கேறாது. நோட்டீஸ்ல போட்டது சத்தியம்தான்னா அதை முதல்ல களையுங்க."

பள்ளிக்கூடத்துக்கு ஒரு தாய் வைத்த முதல் நிபந்தனை. கிருஷ்ணவேணி கோலை எடுத்துக்கொண்டு தெருமுனை ஆக்ரிக் கடைக்கு நடந்தாள். பழைய இரும்பு எடுக்கிறவன் தராசைத் தூக்க, காசு வேண்டாம் என்று துருப்பிடித்த கேட்டுகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே போட்டுவிட்டு வந்தாள். வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

புது அரிசி பரப்பி, விளக்கைத் தூண்டிவிட்டு, அஞ்சுவை எதிரில் உட்கார வைத்தபோது சித்தப்பா பேப்பர் கட்டோடு உள்ளே வந்தார். உடைந்த நாற்காலிகளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது மகேசு மகள்லா?"

"ஒரு பிள்ளையாவதுன்னுதானே சொன்னீங்க சித்தப்பா."

அவர் ஷிஜாவின் கன்னத்தைப் பார்த்தார். பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டார்.

கிருஷ்ணவேணி பிள்ளையின் பக்கம் குனிந்தாள். விரலைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. "கையை நீட்டு மக்களே" என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

அஞ்சு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து, தடித்த உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அழக்கூட இல்லை.

ஷிஜா வாயைப் பொத்திக்கொண்டாள். கிருஷ்ணவேணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொட்டால் பிள்ளை துள்ளும், பேசினால் பதறும். தன் வலது கையை எடுத்து, அரிசிக்கு மேலே, அந்தச் சின்னக் கைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். நீட்டிக்கொண்டே இருந்தாள்.

வெகு நேரம் அடி விழாததால் அஞ்சு ஒரு கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் இன்னொரு கை நீண்டிருப்பதைப் பார்த்தாள்.

"அத்தைக்கும் அடி கிட்டுமா?"

"கிட்டாது மக்களே. இங்க யாருக்கும் கிட்டாது."

பிள்ளை நம்பவில்லை. கையை மடக்கி ஒற்றை விரலை அரிசியில் வைக்க அதற்கு நெடுநேரம் ஆயிற்று. அதுவரைக்கும் கிருஷ்ணவேணியும் தன் கையை எடுக்கவில்லை.