லிஃப்ட் மெக்கானிக்கின் ஆட்சேபணை

இணையச் சேவை நிறுவனங்களுக்கு அரசு கடிவாளம் போட வேண்டுமா வேண்டாமா என்ற பொது விசாரணையின் முதல் நாள் காலை பத்து மணிக்கு, ஆணையத்தின் வாசலில் வரிசையாக நின்றவர்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இறந்துபோனவர்கள். யாரும் முண்டியடிக்கவில்லை, நடுவில் நுழையவில்லை, கைப்பேசியை எடுத்துப் பார்க்கவில்லை. அதை வைத்துத்தான் காவலாளிக்கே சந்தேகம் வந்தது. நடந்தது இதுதான். கடிவாளம் வேண்டாம் என்று அந்த ஊர் இணைய நிறுவனம் ஒரே வாரத்தில் நாற்பத்தோராயிரம் மனுக்களைக் குவித்திருந்தது. பழைய வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே அள்ளிப் போட்டிருந்தார்கள். அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. மனு போட்டவர்கள் நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்று ஆணையத் தலைவர் ஒரு விதி எழுதினார். கூட்டம் வராமலிருக்கத்தான். உயிரோடிருப்பவர்கள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு வரமாட்டார்கள் என்று அவர் நினைத்தது சரியாகவே இருந்தது. இறந்தவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் வந்துவிட்டார்கள்.

பதினேழாவதாக நின்றவர் லிஃப்ட் மெக்கானிக். இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்த காலத்தில் இதே நிறுவனத்தை வாரம் ஒரு புகாரால் துளைத்தெடுத்தவர். இணையமும் லிஃப்ட் மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே வாதம். “லிஃப்டுக்கு யாரு ஏறுறாங்கன்னு தெரியக் கூடாது. பட்டனை அமுக்கினா அந்த மாடிக்குப் போகணும். இவரு பெரிய ஆளு வேகமா போகட்டும், அவரு சும்மா வந்தவரு மெதுவா வரட்டும்னு அது யோசிக்க ஆரம்பிச்சா, அதுக்குப் பேரு லிஃப்டு இல்ல.” அவருடைய மனைவி வீட்டிலிருந்தபடியே மருத்துவர்களின் குரல் பதிவுகளைக் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்புகிறவர். பதிவு வந்த இரண்டு மணி நேரத்துக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். நிறுவனம் தானே ஒரு தட்டச்சுச் சேவை தொடங்கிய மாதத்திலிருந்து, அவர் அறிக்கை ஏற்றும் மருத்துவமனைத் தளம் மட்டும் ஊர்ந்தது, மற்றதெல்லாம் பறந்தது. இப்படியே விட்டால் அவருடைய வேலை போய்விடும். ஆட்சேபணை சொல்ல வந்தவர், எதிர் வரிசையில் தன் கணவர் நிற்பதைப் பார்த்தார்.

“என்னங்க, நீங்களா? இவங்க பக்கமா நிக்கிறீங்க?” என்று ஓடினார். “போட்டி இருந்தால் தரம் தானாக உயரும்” என்றார் கணவர். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார் மனைவி; நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்க்கும் மனிதரிடம் வேறென்ன கேட்பது. “அரசுத் தலையீடு புதுமைக்கு எதிரி” என்று பதில் வந்தது. மனுவில் நிறுவனம் எழுதிக் கொடுத்த இந்த இரண்டு வாக்கியங்களைத் தவிர இறந்தவர்களின் வாயில் வேறு எதுவும் வரவில்லை. மனைவிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “செத்த மனுஷனைக்கூட விட்டுவைக்க மாட்டீங்களாடா?” என்று வாசலில் நின்று கத்தினார். அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

விசாரணை ஐந்து மாதம் நடந்தது. எங்களை நம்புங்கள், சந்தை பார்த்துக்கொள்ளும் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் தினமும் சொன்னார். எந்தச் சந்தை என்று யாரும் கேட்கவில்லை, அந்த ஊரில் இருந்ததே ஒரு நிறுவனம். பூட்டு அவசியம், சாவி மட்டும் எங்களிடம் இருக்கட்டும் என்றார் அமைச்சக அதிகாரி. தலைவர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார், இறந்தவர்களின் ஒழுக்கத்தைப் பாராட்டினார், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒத்திவைத்தார். மனைவி தினமும் போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்துவிட்டதையும் குழாய் ஒழுகுவதையும் சொல்லிக்கொண்டிருந்தார். புதுமைக்கு எதிரி, புதுமைக்கு எதிரி என்றே பதில் வந்தது.

விசாரணை அறை ஆறாவது மாடியில். லிஃப்ட் பழுது என்ற பலகை அந்தக் கட்டடத்தோடு பிறந்தது. ஒருநாள் யாரோ அதைக் கழற்றியிருந்தார்கள். மனைவி கணவரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். மூன்றாவது மாடிக்கு மேலே லிஃப்ட் குலுங்கி நின்றது. “போட்டி இருந்தால்” என்று ஆரம்பித்த கணவர் நிறுத்திக்கொண்டு, தலையைச் சாய்த்து, மேலேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டார். “பிரேக் தேஞ்சிருக்கு. எவன் பார்த்த வேலை இது?” என்றார். பிறகு திரும்பி, “நீ ஏன் இப்படி இளைச்சுட்ட?” என்றார். மனைவி அப்போதுதான் அழுதார். கணவர் கைவைத்த அரை மணி நேரத்தில் லிஃப்ட் ஆறாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

“அந்த மனு நான் போட்டது இல்ல. என் ஆட்சேபணையை எழுதிக்கோங்க” என்று கணவர் விசாரணை அறையில் சொன்னார். வழக்கறிஞர் குதித்தெழுந்தார். இறந்தவர் ஆட்சேபிக்க முடியாது என்றார். அப்படியானால் இறந்தவர் ஆதரிப்பது மட்டும் எப்படி என்று மனைவி கேட்டதற்குத் தலைவர் விளக்கம் கொடுத்தார்: ஆதரவு ஏற்கெனவே பதிவாகிவிட்டது, ஆட்சேபணை புதிது, ஆகவே உயிரோடிருப்பதற்கான சான்றிதழ் வேண்டும். மறுநாள் காலை மனைவி கணவரை ஓய்வூதிய அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். “நேர்லயே வந்திருக்காரா? அப்புறம் என்ன” என்று எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே முத்திரை குத்தினார்.

தீர்ப்பு வந்தது. நேரில் வராதவர்களையும் சேர்த்து ஆதரவு நாற்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, ஆட்சேபணை இரண்டு. கடிவாளம் தேவையில்லை, நிறுவனம் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று ஆணையம் முடித்தது. மற்ற முந்நூற்றுப் பதினொரு பேரும் அடுத்த விசாரணைக்காக அதே நாற்காலிகளில் இருக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர்கள் அவர்களைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறார்கள். கொடுத்த உயிர்ச் சான்றிதழை ரத்து செய்யும் படிவம் எந்த அலுவலகத்திலும் இல்லாததால் லிஃப்ட் மெக்கானிக் வீட்டிலேயே இருக்கிறார்.

மருத்துவமனைத் தளம் இன்றும் ஊர்கிறது. ஏற்றும் அறிக்கை பாதியில் அறுந்துபோகும், அறுந்த நொடியே பட்டனை மறுபடி அமுக்க வேண்டும், கண்ணை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மனைவி தட்டச்சு செய்து முடித்ததும் எழுந்துகொள்கிறார். கணவர் திரைக்கு முன்னால் உட்காருகிறார். அவருக்குப் பசியில்லை, தூக்கமில்லை, இமைக்க வேண்டிய அவசியமும் இல்லை. “போயிடுச்சா?” என்று சமையலறையிலிருந்து கேட்பார் மனைவி. “போகுது” என்பார் கணவர். இரண்டு மணி நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது “போயிடுச்சு” என்று குரல் வரும். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அடுத்த பதிவைக் காதில் மாட்டிக்கொள்வார்.